பஸ் ராஜபாளையம் போய்ச் சேரும் வரை

வக்கீல் ரெங்கநாயகி காலமானார் என்ற செய்தி நம் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காலையில் வந்தது. நான் செய்த முதல் காரியம், "எந்த ரெங்கநாயகி?" என்று கேட்டதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. நம் கோர்ட்டிலேயே இரண்டு பேர். இன்னொருவராக இருக்கக் கூடாதா என்று மனசு ஆசைப்பட்டதை மறைக்க விரும்பவில்லை. சற்று நேரத்தில் அந்த இன்னொருவரே எனக்குப் போன் செய்து, "நான் நல்லாத்தான் இருக்கேன் சார், போனது அவியதான்" என்றார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். நான் அரசுத் தரப்பு வக்கீல். வனத்துறை போடும் வழக்குகளை நடத்தியே ஓய்வு பெற்றவன். மலையடிவாரத்தில் மாடு மேய்த்தவர், விறகு எடுத்தவர், நெல்லிக்காய் பறித்தவர் என்று யார் மாட்டினாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். கோர்ட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். ஆனால் இருவருக்கும் வீடு ராஜபாளையம். சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் திரும்பியாக வேண்டும்.

கூமாப்பட்டி முத்தையாவின் முதல் வழக்கை என்னால் மறக்க முடியாது. அணில் சரணாலயத்துக்குள் மலைமாடுகளை ஓட்டிப் போய் மேய்த்தார் என்பது குற்றச்சாட்டு. கூண்டில் நின்று நீதிபதியிடம் சொன்னார்: "எங்க தாத்தனுக்கு மேய்ச்சல் சீட்டு குடுத்தாகய்யா. எங்கய்யாவுக்கு அபராதம் போட்டாக. எனக்குக் கேஸ் போட்டிருக்காக. தடம் அதே தடந்தான்." வெள்ளைக்காரன் காலத்து வனச்சட்டம் காட்டை வருமானமாகப் பார்த்தது, பணம் கட்டினால் மாட்டை விடலாம். பிறகு வந்த வன உயிரினச் சட்டம் காட்டை விலங்குகளின் வீடாகப் பார்த்தது. மாடு அங்கே அத்துமீறல். நடந்த கால்கள் மட்டும் மாறவில்லை. ரெங்கநாயகி இதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். முத்தையா விடுதலை ஆனார்.

அன்று பஸ்ஸில் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். ரெங்கநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க பிரிவு நம்பரை மட்டும் வாசிச்சுக்கிட்டு நின்னீகளே. மாட்டுக்கு வர்ற கோமாரி காட்டெருமைக்குத் தொத்துமா தொத்தாதா? மாடு மேயுற எடத்துல மானுக்குப் புல்லு மிஞ்சுமா? அதைக் கேட்டிருந்தா நான் தோத்திருப்பேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. "வக்கீலம்மா, நீங்க எந்தப் பக்கம்?"

"கோர்ட்டுக்குள்ள முத்தையா பக்கம். பஸ் ராஜபாளையம் போய்ச் சேர்ற வரைக்கும் உங்க பக்கம்."

"அப்ப எது சரி?"

"ரெண்டும் சரிதான் அண்ணாச்சி. அதான் சட்டத்தை மாத்திக்கிட்டே இருக்காக."

அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம், ஜெயித்தாலும் தோற்றாலும், நான் பேசியிருக்க வேண்டியதை அவர் பேசிக் காட்டுவார். தீர்ப்புக்கு முன்னால் மட்டும் வாயே திறக்க மாட்டார். வெயிலைப் பற்றியும் வெண்டைக்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவார்.

அவருடைய தம்பிக்கு வ. புதுப்பட்டிப் பக்கம் தோட்டம். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை உழுது போட்டுவிட்டது. தம்பி வேலியில் கரண்டு வைக்கப் போவதாகச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அடிவாரத்து விவசாயிகளுக்காக அத்தனை வருஷம் பேசியவர், தம்பியைப் பார்த்து, "ஏலே, கரண்டு வச்சியன்னா மொதல் புகார் நாந்தான் குடுப்பேன். அண்ணாச்சிதான் ஒன்னய உள்ள தள்ளுவாக" என்றார். தம்பி என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வாசலில் நின்ற ஆட்டைப் பார்த்தேன்.

காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு அதில் உரிமை உண்டு என்று இன்னொரு சட்டம் வந்தது. கிராம சபையில் கேட்கலாம் என்றார்கள். மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சரணாலயம் புலிகள் காப்பகத்துக்குள் போனது. அந்த அறிவிப்பு வந்த அன்று ரெங்கநாயகி பார் ரூமில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். கொடுத்துவிட்டு உட்கார்ந்து, அந்த அறிவிப்பால் பாதிக்கப்படுகிறவர்களுக்காக மனு எழுதத் தொடங்கினார். "இனிப்பு எதுக்கு, மனு எதுக்கு?" என்றேன். "இனிப்பு புலிக்கு. மனு முத்தையாவுக்கு." சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. இந்த அம்மாள் எதைத்தான் நம்புகிறார்? இன்று வரை எனக்கு விடை தெரியாது.

சாவு வீட்டில் முத்தையா என்னைத் தேடி வந்தார். இப்போது அவர் மேல் இரண்டாவது வழக்கு நடக்கிறது. காப்பகத்துக்குள் மாடு ஓட்டியதாக. "தண்டனை ஆயிட்டா மாட்டை வித்துட்டு மில்லுக்குத்தான் போகணும்யா. நீங்க வந்து நில்லுங்க."

"யோவ், ஒன்னய உள்ளே போடச் சொன்னவன் நான்."

"தெரியும்யா. அவியதான் சொன்னாக. 'நான் இல்லேன்னா அண்ணாச்சிகிட்டப் போ. நான் பேசுன அம்புட்டையும் கூட நின்னு கேட்டவுக அவுக ஒருத்தர்தான்'னு."

அந்த இடத்தில்தான் நான் அழுதேன். வழக்கை எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் வாய்தா. என் பழைய இடத்தில் இப்போது வேறொரு அம்மா நிற்கிறார். என்னைப் போலவே பிரிவு நம்பர்களை வாசித்தார். கோமாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, புல்லைப் பற்றி இல்லை. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்னால் முத்தையா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதை விழுங்கிவிட்டு அவருடைய மூன்று தலைமுறையைப் பற்றிப் பேசினேன். பேசியது அத்தனையும் உண்மை. பேசாமல் விட்டதும் உண்மை. தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸில் அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் எங்க பக்கம் இருந்தீங்களே சார். உண்மையில நீங்க எந்தப் பக்கம்?"

"எனக்கே தெரியலைம்மா. தீர்ப்பு வந்த அன்னைக்கும் இதே பஸ்ஸுக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்றேன். பிறகு வெயிலைப் பற்றிப் பேசினேன்.

ரெங்கநாயகி என்னிடம் விட்டுப் போனது அந்த ஒன்றைத்தான். தீர்ப்பு வரும்வரை அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் எப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்கத்தான் இப்போது ஆள் இல்லை.