நான்காவது தெருக் கம்பியும் எங்கள் அக்காவும்

எங்கள் அன்பு அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் அச்சடிக்கும் கடையில் மாதிரிக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்றார்கள். அதில் ‘அதிர்ந்து பேசாதவர், அமைதியே உருவானவர்’ என்று இருந்தது. அக்காவை அறிந்தவர்கள் அதைப் படித்தால், வேறு யாருடைய மலரோ கை மாறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே தம்பியாகிய நானே எழுத உட்கார்ந்தேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும். அக்கா பொறுத்ததில்லை. நான் எழுதிய மனுவில் ஓர் அடித்தல் இருந்தாலும் முழுத்தாளையும் திரும்ப எழுத வைப்பார்.

பொன்னேரிக்கு அருகே ஒரு சிற்றூரில், பிறர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த பெற்றோருக்கு அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். ஏழு வருடம் கழித்து நான் பிறந்தேன். அம்மா வயலுக்குப் போன பகல்களில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்காதான். பத்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அதற்காக ஒரு வாரம் அழுதார் என்று எங்கள் நைனா சொல்வார். அக்கா கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. தையல் பழகினார். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்த மாமாவை மணந்து, கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் நகரின் நான்காவது தெருவில் குடியேறினார். எனக்கும் அந்தப் பக்கமே வேலை கிடைத்ததால் இரண்டு வீடு தள்ளி நானும் குடிவந்தேன். அதன் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

ஆலை மூடிக் கிடந்து மாமா ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தபோது, அக்காவின் தையல் இயந்திரம்தான் குடும்பத்தை ஓட்டியது. அந்த நாட்களிலும் அவர் மாமாவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து எங்கள் மீதுதான் காட்டினார்.

அக்கா பொது வேலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத டிரெய்லர் லாரிகள், எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டன. அவை போகும் கனத்தில் குடிநீர்க் குழாய் அடிக்கடி உடையும். நாங்களும் திட்டுவோம், சரிசெய்வோம், மறந்துவிடுவோம். ஒரு நாள் காலை அக்காவின் மகள் மிதிவண்டியில் பள்ளிக்குப் புறப்பட்டாள். தெருமுனையில் ஒரு டிரெய்லர் அவளை மதிலோடு நெருக்கியது. வண்டியைப் போட்டுவிட்டுச் சாக்கடைத் திட்டின் மேல் தாவியதால் பிள்ளை பிழைத்தாள். மிதிவண்டி அப்பளமாக நொறுங்கியது.

நசுங்கிய வண்டியை எடுக்க அக்கா யாரையும் விடவில்லை. தெரு முழுக்கக் கூடும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.

“இன்னிக்கு சைக்கிளோட போச்சு. அடுத்தது இன்னான்னு பாத்துக்கினே இருக்கலாமா? சாய்ங்காலம் எல்லாரும் எங்க ஊட்டுக்கு வாங்க” என்றார்.

அன்று மாலையே எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பிறந்தது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற சூசை அண்ணன் தலைவரானார். செயலாளர் யார் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரே செயலாளரானார்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தெருமுனையில் இரண்டு தூண் நட்டு, மேலே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. உயரமான லாரிகள் நுழைய முடியாது, மற்ற வண்டிகள் தாராளமாக வந்து போகலாம். இதற்கு ஊராட்சியில் நெடுஞ்சாலைக்காரர்களைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் போலீசைக் கேட்கச் சொன்னார்கள். போலீசில் ஊராட்சித் தீர்மானம் எங்கே என்றார்கள். எங்களுக்குத் தலை சுற்றியது. அக்காவுக்குச் சுற்றவில்லை. தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து கொக்கி தைக்க ஆரம்பித்தார். வாரத்தில் மூன்று நாள் அதே பெஞ்ச், அதே ஊசி நூல்.

“நம்ம வேலையும் கெடக் கூடாது, அவுங்களும் நம்மள மறக்கக் கூடாது. அவ்ளோதான்டா” என்றார் என்னிடம்.

யாரிடமும் சத்தம் போடவில்லை. அதிகாரி கடந்து போகும்போதெல்லாம் எழுந்து வணக்கம் சொல்வார், மறுபடி உட்கார்ந்து தைப்பார். சில வாரங்களில் அந்த அலுவலகத்துப் பெண்கள் இருவரின் ஜாக்கெட்டுகளும் அந்தப் பையில் சேர்ந்தன. ஒரு நாள் அதிகாரியே வெளியே வந்து, “ஏம்மா, உங்க மனுவுல கையெழுத்து போட்டாத்தான் என் பெஞ்சைக் காலி பண்ணுவீங்களா?” என்று கேட்டாராம். “ஆமா சார்” என்றாராம் அக்கா. தீர்மானம் வந்தது.

கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. அக்கா தன் இஞ்ச் டேப்பை ஒரு கழியில் கட்டி என் கையில் கொடுத்தார். நான் தெருமுனையில் நின்று, பள்ளி வேன், ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி, சிலிண்டர் வண்டி, குப்பை வண்டி எல்லாவற்றையும் நிறுத்தி அளந்தேன். ஐஸ்கிரீம் வண்டியைக்கூட விடவில்லை. அக்கா நோட்டில் குறித்துக்கொண்டார். கம்பி ஏறிய அன்று தெருவுக்கே பாயசம். முதல் டிரெய்லர் வந்து, கம்பியை அண்ணாந்து பார்த்து, பின்வாங்கிப் போனபோது நாங்கள் விசிலடித்தோம். அக்கா எங்களை அதட்டிவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆடி மாதம் வந்தது. திருவிழா பேசக் கூடிய கூட்டத்தில் கோயில் நிர்வாகி முனுசாமி அண்ணன் எழுந்தார்.

“எல்லாத்தையும் அளந்தியேம்மா. நம்ம ஆத்தா வர்ற டிராக்டரை அளந்தியா? பூ ஜோடனையோட அது எம்மாம் ஒசரம்? ஆத்தா இன்னா குனிஞ்சிக்கினா போவா?”

வருடா வருடம் அந்தத் தெருமுனை வழியாகத்தான் அம்மன் ஊர்வலம் நுழையும். அளந்தபோது அது எனக்கும் நினைவில்லை, அக்காவுக்கும் நினைவில்லை. சூசை அண்ணன் மட்டும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் திடீரென்று மாறியது. “அய்யய்யோ, எங்க மாதா தேரும் அந்த வழியாத்தானே வரணும்!” என்றார்.

அன்றுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பாரும், கம்பியைக் கழற்ற வேண்டும் என்பதில் ஒன்றானார்கள். நான்கு போல்ட்தானே, ஒரு நாள் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா மட்டும் மாட்டேன் என்றார்.

“இன்னிக்கு சாமிக்குக் கழட்டுவோம். நாளைக்குப் பந்தல் வண்டிக்கு, அப்பறம் செங்கல் லோடுக்கு. கழட்டுற கம்பின்னு தெரிஞ்சா டிரெய்லர்காரனே ஸ்பேனர் எடுத்துக்கினு வருவான். ஆத்தாள எறக்கி, கம்பிக்குக் கீழ தோள்ல தூக்கிக்கினு போவோம். அந்தாண்ட போயி மறுபடி ஏத்திக்கலாம்.”

“ஒரு இரும்புக் கம்பிக்காக ஆத்தாள நடுரோட்டுல எறக்குறதா? ஊரு இன்னா சொல்லும்? பேஜாரா பூடும்மா” என்றார் முனுசாமி அண்ணன்.

“தப்பு என்னுதுதாண்ணா. அளந்தப்ப ஆத்தாள மறந்தவ நான். வேணும்னா என்னைச் சங்கத்துலேருந்து எடுத்துடுங்க. கம்பிய எடுக்காதீங்க. நம்ம புள்ளைங்க அந்த வழியாத்தான் போவுது.”

முனுசாமி அண்ணன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அக்கா அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரை எதிர்த்தது அவருக்குப் பெரிதில்லை. சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று என்னிடம் மட்டும் கேட்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆகாது என்று சொல்லிவைத்தேன்.

திருவிழா அன்று மாலை ஊர்வலம் தெருமுனைக்கு வந்தது. கம்பிக்கு ஒரு கை தூரத்தில் டிராக்டர் நின்றது, மேளமும் நின்றது. அக்கா தூணோரம் கைகூப்பி நின்றார். முனுசாமி அண்ணன் கம்பியைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். டிராக்டருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “எறக்குங்கப்பா. மொதத் தோளு என்னுது” என்றார்.

மேளம் மறுபடி முழங்க, அம்மன் எங்கள் தோளில் ஏறி, கம்பிக்குக் கீழே போனாள். பெண்கள் குலவையிட்டார்கள். சூசை அண்ணனும் ஓடிவந்து தோள் கொடுத்தார். அடுத்து வந்த மாதா தேருக்கு முனுசாமி அண்ணன் தோள் கொடுத்தார். இப்போதெல்லாம் அந்த இடத்தில் தோள் கொடுக்க முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் நெரியும் இடமும் அதுதான், மோர் கொடுக்கும் இடமும் அதுதான். அக்காவின் மறதியால் வந்த வழக்கம் இது. அதை யாராவது நினைவூட்டினால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டு ஆண்டுகள் நோயோடு போராடினார். சென்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆம்புலன்ஸ் வந்தபோது, படுத்தபடியே, “கம்பில இடிக்கலியேடா?” என்று கேட்டார். இடிக்காதது கண்டு அவ்வளவு திருப்தி. மருத்துவமனையிலும் சும்மா இருக்கவில்லை. அந்த வார்டில் மின்விசிறி சுற்றாததற்கு என்னிடம் ஒரு மனு எழுதி வாங்கினார். நான் அவருக்கு எழுதிக்கொடுத்த கடைசி மனு அது. மின்விசிறி சுற்றியது. நான்கு நாள் கழித்து, மகள் பக்கத்தில் இருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார். அச்சுக்கடைக்காரரின் ‘அமைதி’ என்ற சொல்லை இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

இறுதி ஊர்வலத்துக்கு வந்த வண்டியில் பூப்பந்தல் உயரமாக இருந்தது. தெருமுனையில் கம்பிக்கு வெளியே நின்றுவிட்டது. சங்கத்து நண்பர்கள் ஸ்பேனரும் ஏணியுமாக ஓடினார்கள். இந்த ஒரு முறை கழற்றுவோம், அக்காவுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்று அழுதார்கள். நானும் ஏணியைப் பிடித்தேன். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்து என் கையை எடுத்துவிட்டார்.

“கை வெக்காதீங்க. அவ ஆத்தாளுக்கே கழட்டல. எனக்குத் தோள் குடுங்க” என்றார்.

வீட்டிலிருந்து தெருமுனைவரை அக்காவைத் தோளில் சுமந்தோம். ஒரு பக்கம் மாமாவும் நானும், மறுபக்கம் முனுசாமி அண்ணனும் சூசை அண்ணனும். கம்பிக்குக் கீழே அக்கா போனபோது பெண்கள் அழுகையினூடே குலவையிட்டார்கள். அன்று தாங்க முடியவில்லை. இன்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த மாமாவின் ஆலைத் தோழர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் நாஷ்டாவும் சாப்பாடும் கொண்டுவந்த நான்காவது தெருத் தாய்மார்களுக்கும், முறை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்துபோன சங்கத்தாருக்கும், தாழ்வாரத்து பெஞ்சின் சார்பில் ஒரு மாலை அனுப்பிவைத்த ஊராட்சி அலுவலகத்து நல்லவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் தையல் இயந்திரத்துக்கே போட்டிருக்கிறோம்.

வெளியூரிலிருந்து பெரிய வேனில் வரும் உறவினர்கள் இன்று மெயின் ரோட்டிலேயே இறங்கி, வெயிலில் நடந்து வர வேண்டியிருக்கும். கம்பியைக் கொஞ்ச நேரம் கழற்றக் கூடாதா என்று சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கே கழற்றவில்லை.