நான் எதையும் தொடவில்லை

எங்கள் திண்டிவனம் வீட்டில் ஆட்கள் மூன்று, கம்ப்யூட்டர்கள் மூன்று, இன்டர்நெட் கனெக்‌ஷன் ஒன்று. ரூட்டர் இருப்பது தெருப்பக்கத்து அறையில். வைஃபை அங்கிருந்து கூடம் வரை நன்றாக வரும், சமையலறையில் நொண்டும், பின்னறைக்கு வரவே வராது.

மனைவிக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு நேர்காணல் வந்தது. காலை பதினொரு மணிக்கு, வீடியோவில். மகள் பிறந்தபோது வேலையை விட்டவள். மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள். எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பித்தும் கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான்.

"நான் ரூட்டர் பக்கத்துலயே உக்காந்துக்கறேங்க. நீங்க ஒண்ணும் பண்ண வாணாம்" என்று முதல்நாளே சொல்லிவிட்டாள்.

ஒன்றும் பண்ணாமல் இருக்கத்தான் எனக்கு வராது. தெருச் சத்தத்தில் உட்கார்ந்து பேசினால் யார் வேலை கொடுப்பார்கள்? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை இறக்கினேன். புது ரூட்டரிலிருந்து சுவரோரமாக வயர் இழுத்து, பழையதைப் பின்னறை பீரோவுக்குப் பின்னால் பொருத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

"அப்பா, நெட் போச்சு!" என்றாள் கூடத்திலிருந்து மகள்.

மூன்று கம்ப்யூட்டரிலும் போயிருந்தது. மனைவி ஈரத்தலையோடு வந்து, "எதுனா பண்ணீங்களா?" என்றாள்.

"நானா? நான் எதையும் தொடலியே."

பொய் கூசாமல் வந்துவிட்டது. வயரைப் பிடுங்கிவிடலாம் என்று பின்னறைக்கு ஓடினால், அவள் பீரோவுக்கு முன்னால் நின்று புடவை கட்டிக்கொண்டிருந்தாள். தவிர, என் ரூட்டர் பெட்டிமேல் எனக்குச் சந்தேகமும் இல்லை. பெட்டி ஒன்று கூடினால் நெட்டும் கூடத்தானே வேண்டும்?

மகள் மாடிக்குப் போய் போன் செய்ததில், பத்தே முக்காலுக்கு இன்டர்நெட் கம்பெனி லைன்மேன் வந்தார். "சார், எதுனா கை வெச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "இல்லங்க, அவர் தொடல" என்றாள். புருஷன் பேச்சை நம்பி அவள் சாட்சி சொன்னது அதுவே கடைசி.

லைன்மேன் கம்பத்தில் ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். பிராயச்சித்தம் மாதிரி இறுக்கிப் பிடித்தேன். அவர் மேலே இருக்கும்போதே பதினொரு மணி ஆகிவிட்டது.

"லைனு சூப்பரா கீது சார். பேஜாரு ஊட்டுக்குள்ளதான்" என்று இறங்கியவர், ரூட்டரிலிருந்து போன வயரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். கூடம், சமையலறை, பின்னறை, பீரோ. நாங்கள் மூவரும் அவர் பின்னாலேயே ஊர்வலமாகப் போனோம்.

"இது இன்னா சார், இன்னொரு ரூட்டரு? ஒரே பஸ்ல ரெண்டு கண்டக்டர் ஏறிக்கினு ஒரே சீட்ட ரெண்டு பேருக்கு குடுத்தா வண்டி எப்டி சார் போவும்?"

பிடுங்கினார். நெட் வந்தது. மணி பதினொன்று இருபது.

வீட்டுக்குள் செல்போன் டவர் கிடைக்காது. மனைவி மொட்டை மாடிக்குப் போய், நேர்காணல் வைத்த கம்பெனிக்குப் பேசிவிட்டு இறங்கி வந்தாள்.

"மூணு மணிக்குக் கூப்புடறாங்களாம். அது முடியற வரைக்கும் நீங்க வீட்ல இருக்க வாணாம்."

"எங்க போறது?"

"எந்த பஸ் வருதோ அதுல ஏறுங்க."

விழுப்புரம் பஸ் வந்தது. மூன்று மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். கடலையை உரிக்கக்கூட மனம் வரவில்லை. இந்நேரம் என்ன கேட்பார்கள், நெட் நிற்குமா, நின்றால் நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? அங்கே இருந்தபோது செய்ததைவிட இது நல்லதுதான் என்று சமாதானம் செய்துகொண்டேன். நான்கு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் போன் செய்தேன். நாலைந்து தடவை அடித்த பிறகுதான் லைன் கிடைத்தது. துணி எடுக்க அப்போதுதான் மாடிக்கு வந்தாளாம்.

"முடிஞ்சிடுச்சி. அடுத்த வாரம் சொல்றாங்களாம்."

"நல்லா பண்ணியா?"

"பண்ணேன். காலைல தள்ளிப் போட்டத பத்தி துருவித் துருவி கேட்டாங்க. வீட்ல நெட் பிரச்சினை வந்தா யாரு பாப்பாங்கன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நானேதான் பாப்பேன்னு சொல்லிட்டேன்."

"சரி, கெளம்பி வரட்டா?" என்றேன்.

"பாப்பா ஏதோ ப்ராஜெக்ட் அனுப்பிக்கினு இருக்கா. அது போய்ச் சேரட்டும்" என்றாள். "மெதுவா வாங்க."