டீவிக்குள் சிரித்த கூட்டம்

பின்னணியில் சிரிப்புச் சத்தம் போட்டு ஓட்டும் நகைச்சுவைத் தொடர்களை என்னால் பார்க்க முடியாது. வசனம் முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் ஒன்றாகச் சிரிக்குமே, அதைக் கேட்டால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்த்துவிடும். என் பிள்ளைகள் அதைக் கிறுக்கு என்கிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது.

கல்யாணமாகிப் பந்தலூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தேன். பிறந்த ஊர் அரவேணு. அங்கே காட்டெருமை தெரியும், கரடி தெரியும். யானையைக் கோயிலில் மட்டும்தான் பார்த்திருந்தேன். கணவருக்கு ஃபேக்டரியில் வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமனாரும் மட்டும். மாமியார் எப்போதோ இறந்துவிட்டார். மாமனார் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, நடுவயதில் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லைனில் எங்கள் வீடு கடைசி. சமையலறைக்குப் பின்னால் ஒரு பலாமரம், அதைத் தாண்டி ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு.

என் அண்ணன் சீராகக் கொடுத்த கறுப்பு வெள்ளை டீவி கூடத்தில், சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது. ஆன்டெனாவை எப்படித் திருப்பினாலும் மலையாள நிகழ்ச்சிதான் தெளிவாக வரும். தமிழ் வரும்போது திரை முழுக்க எறும்பு ஊரும். அந்த எறும்புகளுக்கு நடுவில்தான் வாரம் ஒருமுறை விளக்கு வைத்த பிறகு வரும் நகைச்சுவைத் தொடரைப் பார்ப்பேன்.

எனக்கு அப்போதே இதில் தீர்மானமான கருத்துகள் உண்டு. முழியை உருட்டுகிறவரைப் பார்த்தால் சிரிப்பு வராது. தான் சிரிப்பு நடிகர் என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பவரை விட்டு அதையே திரும்பச் சொல்லவைத்தால் அது அங்கேயே செத்துப்போகும். அந்தத் தொடரில் மேனேஜருக்குப் பயந்த ஒரு குமாஸ்தா வருவார். மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டாலே கையிலிருக்கும் டீயை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை டிராயருக்குள் வைத்து மூடுவார். முகத்தில் சிரிப்பின் சாயலே இருக்காது. அவருக்காகத்தான் நான் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் வாய்விட்டுச் சிரிக்கப் பயம். காரணம் மாமனார். அவரும் பார்ப்பார், முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசிவரை. ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஒரு வாரம் மேனேஜர் குமாஸ்தாவை ஓங்கி அறைந்தார். டீவிக்குள் கூட்டம் சிரித்தது, எனக்கும் வாய் தவறிச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். மருமகள் பல்லைக் காட்டுவது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பயந்து, அதற்குப் பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

பலா பழுக்கும் மாதத்தில் அது நடந்தது. லைனில் பாதிப் பேர் கூடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கணவர் ஷிப்டில் இருந்தார். தொடர் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை குரைத்து, உடனே அடங்கிப்போனது. பிறகு ஒரு வாடை வந்தது. மாட்டுத்தொழுவத்து வாடை போலத்தான், ஆனால் இன்னும் கனமாக, சுவரையே நனைக்கிற மாதிரி. பின்னால் கிளை ஒன்று முறிந்தது.

மாமனார் முக்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பீரோவுக்குப் பக்கத்தில் என்னையும் உட்காரவைத்தார்.

"ஆனைங்களா மாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பேசாத புள்ள."

டீவியில் குமாஸ்தா மேனேஜருக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தார். கட்டிலின் மேலேயே வந்து உட்கார்ந்தார் மேனேஜர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சத்தம் எங்கள் சின்னக் கூடத்தில் மோதி, தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அதற்குப் பதில் போலச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு வந்தது. நீளமான மூச்சு.

"டீவிய அமத்திரட்டுங்களா?"

"வேணாம். சத்தம் நின்னா இங்கிட்டுத் திரும்பும்."

"சிரிப்புச் சத்தம் கேட்டுத்தானுங்க மாமா உள்ள வரும்."

"தெரியல புள்ள. எனக்குந் தெரியல."

அவர் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு உயிரே போய்விட்டது. அதுவரை அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். டீவியை நிறுத்த வேண்டுமென்றால் சமையலறைச் சுவர்வரை போய்க் குமிழைத் திருப்ப வேண்டும். இரண்டு பேரும் நகரவில்லை.

சமையலறை ஜன்னல் சட்டத்தோடு உள்ளே விழுந்தது. உப்புச் சாடி உடைந்தது. அரிசிப் பானை உருண்டு வந்து நிலைப்படியில் முட்டி நின்றது. சமையலறை வாசல் வழியாகத் துதிக்கையின் நுனி தெரிந்தது. தரையில் சிந்திய உப்பைத் தடவித் தடவிச் சேர்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நிதானமாக. எங்களுக்கும் அதற்கும் இடையில் குமாஸ்தா கட்டிலுக்கடியில் கைகூப்பிக் கிடந்தார். ஒவ்வொரு முறை அவர் நடுங்கும்போதும் கூட்டம் சிரித்தது. எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை விலக்க முடியவில்லை.

சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. டீவி ஸ்டாண்டு ஆடியது. அப்போது கரண்ட் போனது.

இருட்டில் அதன் வயிற்றுக்குள் கடகடவென்று ஏதோ ஓடுவது கேட்டது. மாமனாரின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. அடிமரம் போன்ற கை அது. பிறகு மண்ணில் அழுத்தமான காலடி. ஓடைத் தண்ணீர் சளப்பென்றது. அதற்கு அப்புறமும் நாங்கள் மூச்சு விடவில்லை.

ஃபேக்டரி ஆட்கள் தீப்பந்தமும் பட்டாசுமாக ஓடிவந்தபோது சமையலறையின் பின்சுவர் பாதி இல்லை. கணவர் டார்ச்சை எங்கள் மேல் அடித்து, "அப்பா, கைய விடுங்க. அவளுக்கு வலிக்கும்" என்றார். மாமனார் விடச் சற்று நேரம் ஆனது.

அடுத்த வாரம், நான் பழைய மாதிரி ஆகட்டும் என்று கணவரே அந்தத் தொடரைப் போட்டார். முதல் சிரிப்பு எழுந்ததும் நான் உள்ளறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். வெளியே மாமனாரின் குரல் கேட்டது: "அத நிப்பாட்டுடா."

மறுநாள் புதுச் சுவருக்கு நானும் அவரும் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அங்க எலங்கையில, லயத்து வீட்டுல இருந்தப்ப ஒருநா வேலைக்குப் பிந்திப் போனேன். எல்லாரையும் நிப்பாட்டி வச்சு, கங்காணி என் கன்னத்துல அறைஞ்சான். அறைஞ்சிட்டு அவன் சிரிச்சான். நின்னவங்க அத்தன பேரும் சிரிச்சாங்க. என் கூடப்பொறந்தவனும் சிரிச்சான்."

"ஏனுங்க மாமா?"

"சிரிக்காம இருந்தா அடுத்த அடி அவனுக்கு." கல்லைத் தட்டி வைத்தார். "இந்தப் பொட்டிக்குள்ள சிரிக்கிறானுங்களே, அது அந்தச் சிரிப்பு மாதிரியே இருக்கும் எனக்கு. யாரோ குச்சிய வச்சிட்டு நிக்கிற மாதிரி."

அன்று நான் சிரித்ததற்கு எழுந்து போனது இதனால்தானா என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஓடைப் பாதையில் எங்கள் எஸ்டேட் காவல்காரர் ஒருவரை யானை கொன்றது. அதே யானைதானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உடம்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். அதன் பிறகு விளக்கு வைத்ததும் நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். ஒரு சருகு சரசரத்தால் போதும், அடுப்பை அணைத்துவிடுவேன். கணவர் ஆபீசில் மன்றாடி, ஃபேக்டரிக்கு மேலே மேட்டில் இருந்த வேறொரு எஸ்டேட் வீட்டைக் கேட்டு வாங்கினார். அங்கேயும் பல மாதங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நான் உட்கார்ந்ததில்லை.

புது வீட்டில் மாமனார்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். தொடர் வரும்போது சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். வாயசைவு மட்டும் தெரியும். அப்போதுதான் யார் தேறுவார்கள், யார் தேறமாட்டார்கள் என்று எனக்குச் சுத்தமாகப் புரிந்தது. சத்தம் போனதும் முழி உருட்டுகிறவர்கள் வெறும் பொம்மைகள் ஆனார்கள். அடிப்பது அடிப்பதாக மட்டும் தெரிந்தது, அதில் வேடிக்கை எதுவும் மிஞ்சவில்லை. குமாஸ்தா ஒருவர்தான் நின்றார். காலடி கேட்டுத் தலை நிமிர்வதும், தப்பித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் கண் இமைக்காமல் இருப்பதும். அதை நான் அறிவேன்.

ஒருநாள் குமாஸ்தா பீரோவுக்குப் பின்னால் ஒளிந்த காட்சி வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் படபடத்தது. மாமனார் முக்காலியில் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் நெசமாவே பயப்படுறான் புள்ள" என்றார்.

அவர் ஒரு நடிகரைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தார். நானும் கூடவே போய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.