பூப்போட்டு வாங்கிய டீசல் வண்டி

ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருந்த சந்து, பக்கத்து ஆற்றைவிடக் கொஞ்சம்தான் மேடு. ஒரு மணி நேரம் விடாமல் மழை பெய்தால் சந்து முனையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிடும். அப்படி ஒரு மழையில்தான் என் பழைய பெட்ரோல் கார் நடுத்தண்ணீரில் நின்றுபோனது. பக்கத்தில் என் மனைவி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அன்று வாயில் மருந்துப் பம்ப் அடித்தும் இழுப்பு அடங்கவில்லை. அவள் நெஞ்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் அக்கம்பக்கத்து ஆட்கள் தண்ணீரில் இறங்கித் தள்ளிக் கரையேற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசி அது. நான் தினமும் தீவிலிருந்து கடல்பாலம் தாண்டி, சிம்பாங் அம்பாட்டில் ஒரு பலகைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வந்து போகும் காண்டிராக்டர் ஒருவர் தன் வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். நாலு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டி. செம்மண்ணிலும் சேற்றிலும் ஓடி ஓடிப் பெயிண்ட் வெளுத்திருந்தாலும் என்ஜின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்தால் லாரிக்காரனையே நேருக்கு நேர் பார்க்கலாம். ஸ்டோர் கீப்பருக்கு அந்த உயரம் வேறு எங்கே கிடைக்கப்போகிறது? அன்றே எனக்கு அந்த வண்டிமேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கும்போது பின்கதவுப் பக்கமிருந்து புகை நாற்றம் வந்தது.

"உள்ளுக்குப் பொகை வருதே அண்ணே?"

"டீசல் காடின்னா அப்படித்தான் லா தம்பி. கண்ணாடிய எறக்கி விடு, போயிரும்."

கண்ணாடியை இறக்கினேன். நாற்றம் போய்விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியை ஏற்றினேன். ஏறுவதற்கே அவளுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. மார்க்கெட் வரை போய்த் திரும்புவதற்குள் இருமத் தொடங்கிவிட்டாள்.

"எனக்கு ஒத்துக்காதுங்க. பழைய காடியே போதும்."

"தண்ணியில நின்னுச்சே, அது மறந்துபோச்சா?"

"மறக்கல. தண்ணி வருசத்துக்கு நாலு தடவ வரும். பொகை தெனமும் வருமே."

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. உன் உயிருக்காக நான் ஓடுகிறேன், நீ நாற்றம் பார்க்கிறாயா என்று கத்தினேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அவளே சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அம்மன்கிட்ட பூப்போட்டுக் கேட்டுருவோம். அவ வாங்கச் சொன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவள் பிறந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் பூதான். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை. வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்து, மனதுக்குள் கேட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். அவளுடைய அப்பாவின் ஆபரேஷனுக்கு அப்படித்தான் நாள் தள்ளினார்கள். என்னை மாப்பிள்ளையாகச் சரி சொன்னதும் அந்தச் சிவப்பு அரளிதான்.

பொட்டலம் கட்டும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில், அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், கொல்லைப்புறத்தில் நின்று இரண்டிலும் சிவப்பு வைத்துக் கட்டினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. ஸ்டோரில் சாமான் கட்டுவதுபோல் கச்சிதமாகக் கட்டினேன். இவள் நல்லதுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் அவள் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பைக் கண்டதும் அவள் முகம் ஒரு நொடி வாடிப்போனதைப் பார்த்தேன். அடுத்த நொடியே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்ற பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டு, வரும் வழியில் சாக்கடையில் எறிந்தேன்.

வண்டி வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அந்த வருஷம் இரண்டு தடவை சந்தில் தண்ணீர் ஏறியது. நான் ராஜா மாதிரி அதைக் கிழித்துக்கொண்டு போனேன். தெருவே நின்று பார்த்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்கதவு ரப்பரை இரண்டு தடவை மாற்றினேன், எக்ஸாஸ்ட் குழாயை நீட்டி வைத்தேன். புகை எங்கிருந்தோ வந்துகொண்டேதான் இருந்தது. அவளோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன சொல் மாறாதவள். மாதத்துக்கு ஒரு தடவை அடித்த பம்பு, வாரத்துக்கு ஒன்றாகி, தினமும் ஆனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டில் பூனை உண்டா, ஊதுபத்தி கொளுத்துவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, என்ன கார் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். முதலில் அதைத் தொலையுங்கள் என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் விற்றுவிடலாம் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோயிலைப் பற்றி நான் தவறாக ஏதோ பேசிவிட்டதுபோல் பார்த்தாள்.

"அம்மன் குடுத்தது. டாக்டர் சொன்னாருன்னு தூக்கிப் போட முடியுமா? எனக்கு ஏதாச்சும் ஆனா அவ பாத்துக்குவா."

"அம்மன் காடியப் பத்தி என்னத்தக் கண்டா?"

"அப்படிப் பேசாதீங்க."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த வண்டி அன்றைக்கே வீட்டைவிட்டுப் போயிருக்கும். இரண்டுமே சிவப்பு, நான்தான் கட்டினேன். அவ்வளவுதான். அதைச் சொல்லத் துப்பில்லாமல், கோழை, நான் வேறு வழி தேடினேன். மறுபடியும் பூப்போடலாம் என்றேன். அம்மன் இப்போது வேறு மாதிரி சொல்லக்கூடும் என்றேன். அவள் யோசித்துச் சம்மதித்தாள். இந்த முறை அவளே கட்டினாள். சிவப்பு வந்தால் வண்டி இருக்கட்டும், வெள்ளை வந்தால் விற்றுவிடுவது.

வாழ்க்கையில் நான் உருகி வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். வெள்ளை கொடு தாயே, வெள்ளை கொடு என்று கேட்டேன். பூசாரியை எடுக்கச் சொன்னோம். அவர் எடுத்துப் பிரித்து எங்களிடம் நீட்டினார். சிவப்பு.

மற்றதை வாங்கி நானே பிரித்துப் பார்த்தேன். வெள்ளைதான். அவளா ஏமாற்றுவாள்?

"பாத்தீங்களா?" என்றாள். அவளுக்கு நிம்மதி. வீட்டுக்கு வரும் வழியில் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். மழை வரும்போல் இருக்கிறது என்று சொன்னேன்.

அடுத்த மழைக்காலம்வரை இழுத்தாள். ஒரு மதியம், சந்தில் தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில், சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கறுத்திருந்தது. தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினேன். மழைக்குக் கண்ணாடியை ஏற்றியாக வேண்டும். ஏற்றியதும் உள்ளே அதே புகை. தண்ணீர் கதவுக்குக் கீழ்வரை வந்தது. ஓரத்தில் மற்றவர்களுடைய கார்கள் எல்லாம் நின்றுபோய்க் கிடந்தன. எங்கள் வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறிப் போனது.

மேட்டுக்கு வந்ததும் அவள் என் கையைத் தொட்டாள். பேச மூச்சில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அம்மன்... சொன்னது... சரிதான்."

ஆமாம் என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவள் கை என் மடியிலேயே இருந்தது, பிடி மட்டும் இல்லை.

கருமாதி அன்று சொந்தக்காரர்கள் வாசலில் நின்ற வண்டியைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அவ்வளவு தண்ணீரிலும் நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்த்ததாம், பூப்போட்டு வாங்கிய வண்டியாயிற்றே என்றார்கள். அவளுடைய அண்ணன் என்னிடம் வந்து, இந்த வண்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள் மச்சான் என்றார். நான் தலையாட்டினேன்.