‘நிறுத்து’ பொத்தானைத் தொட்டதும்

எழிலரசிக்குக் கரப்பான்பூச்சியிலிருந்து கணவன் ஓட்டும் பைக் வரை எல்லாமே பயம். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் அம்பத்தூர் வந்து, மென்பொருள்களை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிறவள். பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற வேலை என்று வீட்டில் கேலி செய்வார்கள். எழுத்து யாரைக் கடிக்கப் போகிறது என்று அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அந்தப் புதன்கிழமை டீ குடிக்கும்போது, மென்பொருளைச் சோதிக்கும் ஸ்ரீகாந்த் போகிறபோக்கில் சொன்னான்: "நம்ம கம்ப்யூட்டர்லதான் நிறுத்துன்னா உடனே நிக்கும். நிஜ பிரஸ் மெஷின் இன்னொரு தடவை இறங்கிட்டுத்தான் நிக்கும்."

எழிலரசி டீ டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாள். திருமழிசைப் பட்டறை ஒன்றில் தகடு அழுத்தும் அந்த இயந்திரத்துக்கு, "நிறுத்து பொத்தானைத் தொட்டதும் தகட்டைக் கையால் எடுக்கலாம்" என்று எழுதியவள் அவள்தான். இயந்திரத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆபீஸ் திரையைப் பார்த்தே எழுதிவிட்டாள். திங்கட்கிழமையே அதை அச்சடித்து இயந்திரத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள்.

மெயில் போட்டால் போதும் என்றான் ஸ்ரீகாந்த். நன்றாகச் சொன்னான்! பட்டறைக்கு நாலு முறை போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தாள். பூந்தமல்லி நெரிசலில் டிரைவரின் விரல்களைக்கூட எண்ணிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்று தகடு எடுத்துக்கொண்டிருந்த வேம்புலியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"அக்கா, கைய எடுங்க! மெயினை அணைங்க!"

"இன்னாம்மா, பேய் மாரி கத்துற?" என்றபடி அவள் அணைத்தாள். பத்து விரலும் இருந்தன. வலது கையுறையின் நுனி மட்டும் நசுங்கிக் கிழிந்திருந்தது.

"இது எப்படிக்கா கிழிஞ்சுது?"

வேம்புலியம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து நிறுத்திட்டுத்தான் கைய உட்டேன். எறங்கிடுச்சு. மயிரிழைல தப்பிச்சேன். நான்தான் சரியா தொடலன்னு இன்னிக்கு ரெண்டு தபா தொட்டுகினு கீறேன். யாராண்டயும் சொல்லிடாதம்மா. வயசாய்டுச்சுன்னு வேலய உட்டுத் தூக்கிடுவாங்கோ."

"காகிதத்துல தப்பு இருக்கும்னு தோணலையா?"

"படிச்சவங்கோ எழுதுனதாச்சே."

எழிலரசி அந்தத் தாளைப் பிய்த்தெடுத்தாள். "எழுதினது நான்தான். தப்பு என்னோடதுக்கா."

அறையப்போகிறாள் என்றே நினைத்தாள்.

"நெசமாவா? அப்ப எம்மேல தப்பு இல்லியா?" என்று கேட்ட வேம்புலியம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எழிலரசியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.