ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி மாம்பழம் வெட்டித் தட்டில் வைத்தாள். ஒரு துண்டை வாயில் போட்டேன். ஆகா... தேன்!

"எங்க வாங்கினது?"

"வாங்கேல்லையப்பா. பக்கத்து வீட்டு நானா தந்தவர். அவற்ற மரத்தில முதல் காய்."

எடுத்த அடுத்த துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானா கிண்ணியாவிலிருந்து எங்கள் பாலையூற்றுக்குக் குடிவந்தவர், என்னைவிட மூத்தவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஆளுக்கொரு கறுத்தக்கொழும்பான் மாமர ஒட்டுக்கன்று வாங்கினோம். ஒரே ஓட்டோவில்தான் கொண்டுவந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடையது, இந்தப் பக்கம் என்னுடையது.

முதல் வருடமே அவருடையது என்னுடையதைவிட இரண்டு துளிர் கூடுதலாக விட்டது. எனக்கு நித்திரை வருமா? சாணம் போட்டேன், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் தண்டின் அடியிலிருந்து ஒரு துளிர் கிளம்பியது பாருங்கள்... என்ன வேகம்! மேலே நின்ற பழைய தண்டோ நோஞ்சான். சத்தை ஏன் இரண்டுக்கும் பங்கு போட வேண்டும்? நோஞ்சானை வெட்டி எறிந்தேன். அடுத்த மாரிக்கு என் மரம் மதிலைத் தாண்டியது. நானாவுடையது தாண்டவில்லை. அந்த வருடம் முழுக்க நான் மிகவும் நல்ல மனிதனாக இருந்தேன்.

இப்போது காய்த்தது அவருடையதா? அதெப்படி?

பொறுக்க முடியாமல் நானாவை அழைத்துவந்து காட்டினேன். கன்று விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று பொரிந்து தள்ளினேன். அவர் குனிந்து அடித்தண்டைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இந்தா, ஒட்டின இடம். இதுக்கு மேலதான் கறுத்தக்கொழும்பான். கீழ இருக்கிறது சும்மா ஒரு மாங்கொட்டையில முளைச்சது, வேருக்காக வச்சது. கீழ துளிர்த்தா உடனே கிள்ளிப்போடணும். மேல இருந்தது எங்க?"

"வெட்டிப்போட்டன், நானா."

"ஏன்?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன் — வாய் முந்திக்கொண்டது.

"உங்கட மரத்தை முந்த வேணுமெண்டு..."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தன் மரத்திலிருந்து மூன்று நுனிக்குச்சிகள் வெட்டிக்கொண்டு வந்தார்.

"வேர் நல்லா இருக்கு தம்பி, பயப்படாதீங்க" என்றபடி என் மரத்தின் இளங்கிளைகளைத் தறித்து, பிளந்து, குச்சிகளைச் செருகிப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டினார்.

இரண்டு பட்டுப்போய்விட்டன. ஒன்று மட்டும் துளிர்த்திருக்கிறது. அதுவும் போனால் மறுபடி அவர் மரத்துக் குச்சிதான் வேண்டும். ஆகவே தினமும் காலையில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, நானாவின் மரம் நன்றாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

வயிறு எரிய எரியத்தான்!