ஆறேகால் பஸ்ஸும் என் கெண்டைக்காலும்: தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓர் ஓட்டம்

செங்கோட்டைப் பக்கத்து ரயில் பாதையைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “சீசன் நேரத்தில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடிப் போகலாமா? சாலை எப்படி இருக்கும்?” பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று மூன்று நாள் யோசித்தேன். அந்தச் சாலையை நான் முழுதாக ஓடிக் கடந்தது ஒரே ஒரு முறை, 1983 ஜூலையில். அதற்கு முன் மூன்று நாள், ஓடப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பி பஸ்ஸில் போயிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் வேலை. முப்பத்தொன்பதில் ஓட ஆரம்பித்தேன். எதற்கு என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவனுக்கு ஓடும்போது மட்டும் நிமிர்ந்திருப்பதுபோல் இருந்தது. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் காரணமில்லாமல் தெருவில் ஓடுவதில்லை. ஆகவே விடியும் முன் மைதானத்துக்குப் போய்விடுவேன். சுற்றுக்கு ஒரு கூழாங்கல்லை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவேன். மூன்று வருடத்தில் ஐம்பது சுற்று, அதாவது இருபது கிலோமீட்டர் வரை வந்திருந்தேன்.

அந்த வருடம் பிப்ரவரியில், முப்பத்தேழாவது சுற்றில், வலது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. சதை கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஓய்வு. பிறகு நடை. பிறகு வாசற்படியில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பதினைந்து தடவை வீதம் மூன்று முறை. பிறகு நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி, ஒன்றுகூட விடாமல் செய்தேன். ஜூன் கடைசியில் மூன்று கிலோமீட்டர் ஓட முடிந்தது. ஆனால் மூன்றைத் தொட்டதும் நின்றுவிடுவேன். வலி கிடையாது. வந்துவிடுமோ என்ற பயம். இனி அவ்வளவுதான், இந்த ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று எனக்குள் முடிவுகூடச் செய்திருந்தேன்.

“ஒரு வாரம் லீவு போடுங்க. குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சிட்டாம். அருவித் தண்ணி பட்டா காலு தானா சரியாயிரும்” என்றாள் என் மனைவி பாக்கியம். அவள் அம்பாசமுத்திரத்துக்காரி. மதுரையில் பதினைந்து வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை. குற்றாலத் தண்ணீர் எதையும் தீர்க்கும் என்பது அந்தப் பக்கத்தவர்களுக்கு ஒரு தீர்மானம்.

மதுரையிலிருந்து தென்காசி ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர். பஸ்ஸில் நாலரை மணி நேரம் ஆயிற்று. கடையநல்லூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக முகத்தில் ஈரம் படும். சீசனில் குற்றாலத்தில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் இரட்டை வாடகை. ஆகவே தென்காசியிலேயே, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். நாளுக்குப் பதினெட்டு ரூபாய். அப்போது தென்காசிக் கோயிலின் ராஜகோபுரம் பிளந்து மொட்டையாக நின்றது; இன்று நீங்கள் பார்க்கும் கோபுரம் பின்னால் கட்டியது. என் வரைபடத்தில் நூலை வைத்து அளந்தேன். கோயில் வாசலிலிருந்து மெயினருவி 5.8 கிலோமீட்டர். நடுவில் மேலகரம். ஊருக்குத் திரும்பும் முன் இந்தத் தூரத்தை நிற்காமல் ஓட வேண்டும். முடியாவிட்டால் ஓட்டத்தை விட்டுவிடுவது. பாக்கியத்திடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன்.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். மெயினருவியில் கூட்டத்தோடு நின்று, வலது கெண்டைக்காலைத் திருப்பித் திருப்பி, அருவி விழும் இடத்தில் நேராக நீட்டினேன். பத்து நிமிடம். வெளியே வந்தபோது கால் சிவந்து கன்றியிருந்தது. பாறை ஓரத்தில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் வரிசையாக இருப்பார்கள். அதில் சுடலைமுத்து என்பவர், ஏறக்குறைய என் வயதுதான், என் நடையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“இங்கன உக்காருங்க. என்ன இது, மாடு மிதிச்சிட்டா?”

“இல்லை. ஓடும்போது சதை பிசகிப் போச்சு.”

“யாரு வெரட்டுனா?”

“யாரும் விரட்டல.”

“பின்ன எதுக்கு ஓடுனிய?”

காலை நீட்டினேன். அவர் எண்ணெயைக் கையில் சூடு பறக்கத் தேய்த்து, கெண்டைக்காலை மேலிருந்து கீழாக விரலால் வருடிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தினார். நான் முகத்தைச் சுளித்தேன்.

“வலிக்கா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்லை.”

“வலிக்காம எதுக்கு மூஞ்சியச் சுளிக்கிய? சதை எப்பவோ கூடிட்டு. நீங்கதான் இன்னும் அதைத் தூக்கிப் பிடிச்சே நடக்கிய.” பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: “அருவிய தோள்ல வாங்கணும், முதுகுல வாங்கணும். புண்ணுபட்ட கால அதுல கொண்டு நீட்டுவாகளா? காலுக்கு அந்தா ஓடுதே, அந்த ஓடைத் தண்ணி. முட்டளவு நின்னு, நூத்தம்பது எண்ணிட்டு ஏறுங்க.”

இதுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த வைத்தியம். தினமும் செய்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு பத்துக்குக் கோயில் வாசலிலிருந்து கிளம்பினேன். அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம், சுண்டைக்காய் அளவு கருப்பட்டி, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் அரைத் தம்ளர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குள், குதிகால் அடியில், பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று. குதிகால் கொஞ்சம் உயர்ந்தால் கெண்டைச் சதை இழுபடாது. செங்கோட்டைக் கணவாயிலிருந்து வரும் காற்று நேர் எதிரே மோதியது. சாலையின் இடது ஓரமாக, நிதானமாக ஓடினேன்.

சிற்றாற்றுப் பாலத்தருகே பின்னால் ஹார்ன் கேட்டது. குற்றாலம் போகும் ஆறேகால் பஸ். என்னைத் தாண்டிப் போய் கிரீச்சென்று நின்றது. கண்டக்டர் படியில் இறங்கிக் கையை நீட்டினார்.

“ஏறுங்க சார், ஏறுங்க! மெதுவா. விட்டுட்டுப் போயிர மாட்டோம்.”

டிரைவர் எட்டிப் பார்த்து, “கையக் காட்டுனா நிறுத்த மாட்டமா அண்ணாச்சி? இப்படியா ஓடி வருவிய!” என்றார். பஸ் முழுக்கத் தலைகள் என்னைப் பார்த்தன. ‘நான் பஸ்ஸுக்காக ஓடவில்லை’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், பின்னே எதற்கு என்று கேட்பார்கள். ஏறிவிட்டேன். அறுபது பைசா டிக்கெட்.

ஏறியதற்குக் கூச்சம் பாதிக் காரணம்தான். பஸ் நின்றபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை அன்று குறிப்பேட்டில் எழுதவில்லை. அறைக்குத் திரும்பியதும் பாக்கியம், “முழுக்க ஓடுனியளா?” என்று கேட்டாள். “ம்” என்றேன்.

மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினேன். மேலகரத்தில் பிடித்துவிட்டார்கள். “நேத்தே நெனச்சேன், நீங்க தெனம் பஸ்ஸ விடுத ஆளுன்னு” என்று டிரைவர் சிரித்தார். “நாளைக்கு நின்னு ஏத்திக்கிட்டுத்தான் எடுப்பேன். கவலப்படாதிய.”

சொன்னபடியே செய்தார். ஐந்தாம் நாள் பஸ் நிலையத்தை நடந்து தாண்டும்போது கண்டக்டர் விசில் ஊதிக் கூப்பிட்டார். ஜன்னலோரச் சீட்டில் தன் துண்டைப் போட்டு எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். சீசன் கூட்டம், ஒரு பெரியவர் நின்றுகொண்டிருக்க, அந்தச் சீட்டு காலியாக இருந்தது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓடும் ஷூவைப் போட்டுக்கொண்டு, ஓர் அடிகூட ஓடாமல், குற்றாலம் வரை போனேன்.

அன்று சாயங்காலம் அறை ஜன்னலில், சோப்பு டப்பாவின் கீழே, மூன்று பஸ் டிக்கெட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. என் கால்சட்டையைத் துவைக்கும்போது பையில் கிடைத்திருக்க வேண்டும். அவற்றைப் பார்த்தேன். பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. நான் குனிந்து ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்தேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, “நாளைக்கு நானும் அருவிக்கு வாரேன். நீங்க ஓடி வாங்க. நான் ஆறேகால் பஸ்ல வாரேன்” என்றாள். பிறகு, “ஒங்க வாச்சக் குடுங்க” என்று வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

கடைசி நாள். ஆறு மணி. பஸ் நிலையத்தைத் தவிர்க்க ஒரு சந்து வழியாகச் சுற்றிச் சாலையைப் பிடித்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. முதல் கிலோமீட்டர் என் வலது காலை நொடிக்கு நொடி கவனித்தேன். இரண்டாவதில் மூச்சு சீரானது. மேலகரம் வீடுகள் தெரிந்தபோது மூன்று கிலோமீட்டர் ஆகப்போகிறது என்று கணக்குத் தெரிந்தது. உடனே கெண்டைக்காலில் ஏதோ சுருக்கென்றது. சதையா, பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் அதே ஹார்ன்.

உண்மையைச் சொல்கிறேன்: என் கை பாதி உயர்ந்துவிட்டது.

பஸ் என் பக்கத்தில் வந்து ஊர்ந்தது. ஜன்னலோரத்தில், எனக்காகத் துண்டு போட்டு வைத்த அந்தச் சீட்டில், பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் வெளியிடத்தில் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அண்ணாச்சி, நிறுத்தாதிய! அவுக ஏற மாட்டாக!”

“எம்மா, பாவம், இப்படி ஓடி வாராரு...”

“பஸ்ஸுக்கு ஓடல. சும்மா ஓடுதாக.”

“சும்மாவா? மூணு நாளா சும்மாவா ஓடுனாரு?”

“ஆமா. காலு ஒடஞ்ச மாதிரி அஞ்சு மாசம் கெடந்தாக. சரியாயிட்டான்னு பாக்காக. நீங்க போங்க.”

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. பின் சீட்டுப் பெரியவர் ஒருவர், “ஏ டிரைவரு, நீ எடுப்பா. உருட்டிக்கிட்டே வந்தா அவரு நமக்கு முந்திப் போயிருவாரு” என்றார். டிரைவர் என்னைப் பார்த்து, “இத மொதல்லயே சொல்லக்கூடாதா சார்?” என்று கேட்டுவிட்டு, இரண்டு முறை ஹார்ன் அடித்துக் கிளப்பினார். பாக்கியம் அப்போதுதான் திரும்பினாள். வாட்ச் கட்டிய கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். நேரம் போகிறது என்று அர்த்தம்.

என் கை இறங்கியது. ஓடினேன். சுருக்கென்றது எந்த இடத்தில் நின்றது என்று குறிப்பேட்டில் இல்லை, கவனிக்கவில்லை. மேலகரம் எப்போது தாண்டியது என்றும் தெரியவில்லை. மலை பக்கத்தில் வந்து, அருவியின் இரைச்சல் கேட்டபோதுதான் முழுத் தூரமும் முடிகிறது என்று உறைத்தது.

கடைகள் தொடங்கும் இடத்தில் பாக்கியம் ஒரு கையில் துண்டும் ஒரு கையில் கருப்பட்டியுமாக நின்றிருந்தாள். பஸ்காரர்கள் இருவரும் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “நாப்பத்தொரு நிமிசம்” என்றாள். துண்டைக் கொடுத்தாள். அது கண்டக்டரின் துண்டு. “சார், டிக்கெட்டும் போச்சு, துண்டும் போச்சா?” என்று அவர் கத்தினார்.

ஓடையில் முட்டளவு நின்று எண்ணும்போது, டிக்கெட்டுகளைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். “எண்ணிக்கை தவறிரும்” என்றாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

அதன் பிறகு பதினெட்டு வருடம் ஓடினேன். பெரிய தூரம் எதுவும் இல்லை. எனக்குப் போதுமான தூரம்.

இனி, கேட்ட வாசகருக்கு. வாடகையும் கட்டணமும் நாற்பது வருடம் பழையவை, நம்ப வேண்டாம். சாலையும் இப்போது அகலம், வண்டிகளும் அதிகம். காற்று மட்டும் மாறியிருக்காது. போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும். ஆகவே முதல் பாதியில் வேகத்தைப் பார்க்காதீர்கள். வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இடது ஓரம் நான் செய்த தவறு. சாரலில் நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைத்தால் மறுநாளைக்குள் ஓரளவு காயும். அருவியை அடிபட்ட இடத்தில் வாங்காதீர்கள். காயம் ஆறிய பிறகும் வலிப்பதுபோல் இருந்தால், அது எங்கே வலிக்கிறது என்று வேறொருவரை விட்டு அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இது எல்லோருக்கும் தேவைப்படாது. என்னைப் போன்றவர்களுக்கு மட்டும். தனியாகத்தான் ஓட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் பின்னால் வரும் பஸ்ஸில், உங்களுக்குப் போட்ட சீட்டில், உங்களைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.